வாசகர் கேள்வி: ஒரே டவரில் இருவரின் ரேடியோக்கள்

கேள்வி: எங்கள் ஊரில் கேபிள் டிவி நடத்துபவர் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களை டவரில் பொருத்தி, சுற்றியுள்ள தோட்ட வீடுகளுக்கு இணைய இணைப்புத் தருகிறார். அதே டவரில் இன்னொருவரும் ரேடியோ வைத்த நாள்முதல் இணைப்பு தடுமாறுகிறது. சேனலை மாற்றியும் முழுமையாகச் சரியாகவில்லை. இருவரும் ஜிபிஎஸ் நேரத்துக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்கிறார் ஒரு பொறியாளர். இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்கு இங்கே என்ன வேலை?
- ஒரு வாசகர், கம்பம்

பதில்: பொறியாளர் சொன்னது சரிதான், ஆனால் அது பாதித் தீர்வு.

இத்தகைய ரேடியோக்கள் ஒரே சேனலில் மாறி மாறி அனுப்புவதும் பெறுவதுமாக இயங்குகின்றன. 5 மில்லிவினாடி கொண்ட ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், அதன் முற்பகுதியில் டவர் அனுப்ப வீடுகள் பெறும். பிற்பகுதியில் வீடுகள் அனுப்ப டவர் பெறும். டவரிலிருந்து புறப்படும் சிக்னலின் ஆற்றல் ஒரு வாட் அளவில் இருக்கும்போது, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீட்டிலிருந்து வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு நானோவாட்டுக்கும் குறைவு. அதாவது நூறு கோடி மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. இந்த மெல்லிய சிக்னலை ஒரு ரேடியோ பெற முயலும் நேரத்தில் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மற்றது அனுப்பத் தொடங்கினால், சேனல் வேறாக இருந்தாலும் பக்கத்துச் சேனல்களில் கசியும் ஆற்றலே பெறும் கருவியைச் செவிடாக்கப் போதுமானது. சேனலை மாற்றியும் பயன் குறைவாக இருந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

நேர ஒத்திசைவு என்றதும், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல ஒருவர் நிறுத்தியபின் மற்றவர் தொடங்குவார் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. டவரில் உள்ள எல்லா ரேடியோக்களும் ஒரே கணத்தில் அனுப்புகின்றன, ஒரே கணத்தில் பெறுகின்றன. அனுப்பும்போது அருகில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் கவலையில்லை; பெறும்போது அருகில் யாரும் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஒழுங்கு இருந்தால், நான்கு திசைகளுக்கும் நான்கு ஆன்டெனாக்கள் உள்ள டவரில் முதுகுக்கு முதுகாக நிற்கும் இரண்டுக்கும் ஒரே சேனலைக் கொடுத்து, மொத்தம் இரண்டே சேனல்களில் வேலையை முடிக்கலாம்.

இந்தக் கணத்தை யார் சொல்வது என்பதில்தான் ஜிபிஎஸ் வருகிறது. ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றின் சிக்னலைப் பெறும் சிறு கருவி, ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் மைக்ரோவினாடிக்கும் நுட்பமான துல்லியத்துடன் ஒரு துடிப்பை வெளியிடுகிறது. அந்தத் துடிப்பிலிருந்து எண்ணத் தொடங்கி, ரேடியோ வினாடிக்கு 200 சுற்றுகளை அமைத்துக்கொள்கிறது. ரேடியோவின் உள்ளே இருக்கும் படிகக் கடிகாரமே போதாதா என்று கேட்கலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ள படிகம்கூட வினாடிக்கு ஒரு மைக்ரோவினாடி விலகும். ஒரு மணி நேரத்தில் 3.6 மில்லிவினாடி, அதாவது சுற்றின் பெரும்பகுதியே பிசகிவிடும். இதே முறையில் இயங்கும் 4ஜி, 5ஜி கோபுரங்களுக்குப் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோவினாடிக்கு மேல் விலகக் கூடாது என்பதே வரம்பு.

பாதித் தீர்வு என்றது ஏன்? கடிகாரம் ஒன்றானால் மட்டும் போதாது, பங்கீடும் ஒன்றாக வேண்டும். உங்கள் ஊர்க்காரர் சுற்றின் 75 விழுக்காட்டை அனுப்புவதற்கும், மற்றவர் 50 விழுக்காட்டை அனுப்புவதற்கும் வைத்திருந்தால், இருவரும் துல்லியமாக ஒரே நேரத்தில் தொடங்கினாலும், ஒவ்வொரு சுற்றிலும் 1.25 மில்லிவினாடி நேரம் முன்னவர் அனுப்பிக்கொண்டிருப்பார், பின்னவர் பெற முயன்றுகொண்டிருப்பார். சுற்றின் நீளமும், மிகத் தொலைவிலுள்ள வீட்டுக்காக ஒதுக்கும் இடைவெளியும்கூடப் பொருந்த வேண்டும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு 100 மைக்ரோவினாடி ஆகிறது. இரு தரப்பும் வெவ்வேறு தயாரிப்புகளைப் பயன்படுத்தினால் இவற்றைப் பொருத்துவது கடினம், சில வேளைகளில் இயலாது.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2018-இல் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. அங்கே குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோரும் உரிமை யாருக்கும் இல்லை. எனவே ஜிபிஎஸ் கருவி வாங்குவதற்கு முன்னால், இருவரும் உட்கார்ந்து விகிதத்தைப் பேசி முடிப்பதே முதல் வேலை. அதற்கு மற்றவர் இணங்காவிட்டால், ஆன்டெனாக்களை உயரத்தில் பிரித்து வைப்பதும், உலோகத் தடுப்பு உள்ள ஆன்டெனாக்களுக்கு மாறுவதும், சேனல்களை இன்னும் விலக்கி வைப்பதும்தான் மிச்சம்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு வைஃபை தொல்லைக்கும் இது உதவுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: உதவாது. வீட்டு வைஃபை நேரச் சுற்று வைத்து இயங்குவதில்லை. சேனல் காலியாக இருக்கிறதா என்று கவனித்து, இருந்தால் அனுப்பும், இல்லையென்றால் காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்; கருவி அனுமதித்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள்.