நாலு செமஸ்டர் படிச்சதை ரெஸ்யூமில எப்படி போடறது?

கேள்வி: அக்கா, எனக்கு குறிஞ்சிப்பாடி பக்கம். 2013ல கடலூர்ல பி.காம் சேர்ந்தேன், நாலு செமஸ்டர் எழுதிட்டேன், அதுல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் அரியர். 2015 நவம்பர் வெள்ளத்துல எங்க நெலம் முழுக்க மணல் ஏறிப்போச்சு, ரெண்டு மாடும் போச்சு, அப்பா படுத்துட்டாரு. அதோட காலேஜை விட்டுட்டு திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஹார்டுவேர் கடையில பில்லிங்குக்கு சேர்ந்தவன்தான், இன்னும் அங்கதான் இருக்கேன். இப்ப பாண்டி சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலை இருக்கு, 'எனி டிகிரி'ன்னு போட்டிருக்காங்க. பிரவுசிங் சென்டர் அண்ணன் "பி.காம் 2013–2016னு போட்டுடறேன், எவன் பாக்கப்போறான்"ங்கறாரு. போடலாமா, இல்ல காலேஜ் போனதையே காட்டாம விட்டுடவா?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, பிரிண்ட்டுக்கு காசு வாங்கிட்டா அந்த அண்ணன் வேலை முடிஞ்சுது. ஆனா அவர் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கற மாடல்ல கடைசியா ஒரு வரி இருக்கும் பாருங்க, "மேலே உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்", அதுக்கு கீழ இடம், தேதி, கையெழுத்து. அதை யாரும் படிக்கறதே இல்ல, ஆனா கையெழுத்து போடறது நீங்க. (நான் பர்சனல் டிபார்ட்மென்ட்ல இருந்தப்ப ஒரே வாரத்துல வந்த மூணு ரெஸ்யூமில ஒரே அப்பா பேர் இருந்துச்சு, மூணு பேரும் அண்ணன் தம்பியான்னு கேட்டா முழிக்கறாங்க, ஒரே சென்டர்ல டைப் பண்ணதாம், பழைய பேரை மாத்த மறந்துட்டாரு.)

"எவன் பாக்கப்போறான்"ங்கறது பாதி உண்மைதான், அதையும் சொல்லிடறேன். இன்டர்வியூ அன்னிக்கு யாரும் பாக்க மாட்டாங்க. சேர்ற அன்னிக்கு ஒரிஜினல் கொண்டு வாம்பாங்க, "ப்ரொவிஷனல் வாங்கல சார், அடுத்த மாசம் தர்றேன்"னா சின்ன கம்பெனியில அதுவும் ஓடிடும். பெரிய கம்பெனின்னா வெரிஃபிகேஷன் ஏஜென்சிகிட்ட குடுத்துடுவாங்க, அவங்க ரெஜிஸ்டர் நம்பரை வச்சு யூனிவர்சிட்டிக்கே எழுதிக் கேப்பாங்க. ஓடிடுச்சுன்னு நினைச்சவங்களுக்குத்தான் கஷ்டமே. நான் வேலை பாத்த எடத்துல ஒருத்தர் ஒன்பது வருஷம் நல்லா வேலை பாத்தாரு, சூப்பர்வைசர் ப்ரமோஷன் வந்தப்ப ஃபைலை எடுத்தா டிகிரி சர்டிபிகேட் ஜெராக்ஸே இல்ல, கேட்டா அவர்கிட்டயும் இல்ல. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது அவரை. ஆனாலும் அந்த ஃபைலை மேல அனுப்பாம இருக்க என்னால முடியல, இப்ப நினைச்சாலும் மனசு ஒரு மாதிரிதான் இருக்கு.

அதனால இப்படி போடுங்க. படிப்புங்கற எடத்துல முதல்ல +2, மார்க்கோட. அதுக்கு மேலயோ கீழயோ ஒரே வரி: "பி.காம், 4 செமஸ்டர் படித்தது, 2013–2015, டிகிரி முடிக்கவில்லை." இங்கிலீஷ்ல அடிச்சா "நாட் கம்ப்ளீட்டட்" போதும், 'டிராப்அவுட்'டுன்னு நீங்களே உங்களுக்கு பட்டம் குடுத்துக்க வேணாம். வெறும் "பி.காம், 2013–2015"னு வருஷத்தை மட்டும் போட்டு சாமர்த்தியமா விட்டுடலாம்னு சில பேர் சொல்லுவாங்க, அது வேணாம், பாக்கறவர் முடிச்சிட்டார்னுதான் எடுத்துப்பாரு, அப்புறம் "நான் முடிச்சேன்னு எங்க சார் சொன்னேன்"னு நீங்க வக்கீல் மாதிரி பேசிட்டு நிக்கணும். ஆன்லைன் ஃபார்ம்ல 'ஹையஸ்ட் குவாலிஃபிகேஷன்'னு கேட்டா +2தான், அதுல யோசனையே வேணாம்.

காட்டாம விடறது பொய் இல்ல, தாராளமா விடலாம். ஆனா +2க்கும் கடைக்கும் நடுவுல ரெண்டு வருஷம் காலியா நிக்கும், என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க, அதுக்கு அந்த ஒரு வரி இருக்கறதே மேல். ஏன் விட்டீங்கன்னு கேட்டா "2015 வெள்ளத்துல நெலம் போச்சு சார், வேலைக்கு வந்துட்டேன்" அவ்வளவுதான், கடலூர் ஜில்லாவுல அந்த வருஷத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. அரியரைப் பத்தி அவங்க கேக்காம நீங்க ஆரம்பிக்காதீங்க.

இப்ப எனக்கு உங்க மேல கோவம் வர்ற எடம் ஒண்ணு இருக்கு. லெட்டர் முழுக்க டிகிரியைப் பத்தியே எழுதிட்டு கடையைப் பத்தி அரை வரி எழுதியிருக்கீங்க. 2017 ஜூலை 1 வாட் போய் ஜிஎஸ்டி வந்தப்ப அந்த கடையில பில் போட்டது யாரு? நீங்கதானே? அதுவும் கடலூர்ல இருந்து முள்ளோடை பார்டர் தாண்டி பாண்டிக்கு டெலிவரி போனா அது வேற ஸ்டேட், நமக்கு ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிக்கும், பாண்டிக்கு 34, உள்ளூர் பில்லுக்கு சென்ட்ரலுக்கு சிஜிஎஸ்டி, ஸ்டேட்டுக்கு எஸ்ஜிஎஸ்டின்னு வரியை ரெண்டா பிரிச்சு போடற கை அங்க ஐஜிஎஸ்டின்னு ஒண்ணா போடணும், அப்புறம் 2018ல சரக்கு வண்டியோட போக வேண்டிய இ-வே பில் வேற வந்துச்சு. பாகூர் பக்கம் போற வழியில ஒரு ஊர் நம்மது அடுத்த ஊர் அவங்களதுன்னு மாறி மாறி வரும், அட்ரஸ் பாத்து சரியா பில் போடறவனுக்குத்தான் அந்த கஷ்டம் தெரியும். சேதராப்பட்டுல தமிழ்நாட்டு சரக்கு தினம் எறங்கற ஸ்டோர்ஸுக்கு இது தெரிஞ்ச ஆள் வேணுமா, வேணாமா? எத்தனை ஐட்டம் ஸ்டாக் பாத்தீங்க, டாலி தெரியுமா, வருஷக் கடைசி ஸ்டாக் கணக்கு யார் எடுத்தது, இதெல்லாம் முதல் பக்கத்துல மேல வரணும், படிப்பு கீழ போகட்டும். முதலாளிகிட்ட ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், லெட்டர்ஹெட்ல, சீல் வச்சு வாங்கிடுங்க.

'எனி டிகிரி'ன்னு போட்டதுக்கு பயந்து விட்டுடாதீங்க, அப்ளை பண்ணுங்க, ஆனா முதல்லயே ஃபோன் பண்ணி "டிகிரி முடிக்கல, பத்து வருஷத்துக்கு மேல பில்லிங், ஸ்டாக் அனுபவம் இருக்கு, வரலாமா"ன்னு கேட்டுடுங்க. வேணாம்னா பஸ் காசு மிச்சம்.

டிகிரி முடிக்கணும்னு ஆசை இருந்தா ஒரு நாள் லீவு போட்டு பழைய காலேஜ் ஆபீஸுக்கு நேர்ல போங்க, நாலு செமஸ்டர் மார்க் ஷீட்டும் டிசியும் கையில இருக்கான்னு முதல்ல பாருங்க. யூனிவர்சிட்டிங்க எப்பவாவது பழைய அரியர்காரங்களுக்கு ஸ்பெஷல் சான்ஸ் குடுக்கறது உண்டு, ஆனா உங்களுக்கு அரியர் ஒண்ணுதான், படிக்காத செமஸ்டர் ரெண்டு, ரெண்டும் வேற வேற கதை. புதுசா ஆரம்பிக்கறதுன்னா இக்னோவுல (இந்திரா காந்தி ஓபன் யூனிவர்சிட்டி) பி.காம் குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம், வேலைக்கு போயிட்டே எழுதலாம். சேர்ந்து ஃபீஸ் கட்டின ரசீது கையில வந்தப்புறம்தான் ரெஸ்யூமில 'பர்சூயிங்' (படிச்சிட்டு இருக்கேன்)னு போடணும், அதுக்கு முன்னாடி இல்ல. இன்னொண்ணு, 2020 புது கல்விக் கொள்கைப்படி நடத்துற எடங்கள்ல ஒரு வருஷம் முடிச்சு வெளிய வந்தா சர்டிபிகேட், ரெண்டு வருஷத்துக்கு டிப்ளமோன்னு இருக்கறதைக் கேள்விப்பட்டு நீங்களா 'டிப்ளமோ இன் காமர்ஸ்'னு போட்டுடாதீங்க, அது அந்த திட்டத்துல சேர்ந்த பசங்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: நாலு வருஷமும் ஒழுங்கா போய் பி.இ. முடிச்சேன், ஆனா ரெண்டு அரியர் இருக்கு. முடிச்சேன்னு போடலாமா?
– லாஸ்பேட்டை வாசகி

பதில்: கோர்ஸ் முடிச்சிருக்கீங்க, டிகிரி வாங்கலம்மா. "கோர்ஸ் முடித்தது, 2 பேப்பர் பாக்கி, அடுத்த எக்ஸாம் நவம்பர்"னு மாசத்தோட போடுங்க. 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கக்கூடாது'ன்னு போட்டிருக்கற கேம்பஸ் டிரைவுக்கு மட்டும் போகாதீங்க, அங்க வரிசையில நின்னு திரும்பி வர்றது வெயிலுக்குத்தான் ஆகும். மத்ததுக்கு எல்லாம் போகலாம்.

கேள்வி: மேடம், என் பையன் முதல் வருஷத்தோட காலேஜை விட்டுட்டான். மீதி மூணு வருஷ ஃபீஸையும் கட்டினாதான் +2 ஒரிஜினல் மார்க் ஷீட் தருவோம்னு சொல்றாங்க. அது இல்லாம எங்கயும் வேலைக்கு போக முடியல.
– வில்லியனூர் தகப்பனார்

பதில்: ஐயா, அப்படி வச்சுக்க அவங்களுக்கு உரிமையே கிடையாது. ஒரிஜினலைப் பாத்துட்டு உடனே திருப்பிக் குடுத்துடணும், பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபர்லயே அறிவிப்பு போட்டிருக்கு. ஆபீஸ் ஜன்னல்ல வாய்ல கேக்காதீங்க, பிரின்சிபால் பேருக்கு ஒரு லெட்டர் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல (ரிஜிஸ்டர் போஸ்ட் 2025ல அதோட சேர்ந்துடுச்சு) டெலிவரி ப்ரூஃபோட அனுப்புங்க, அந்த யுஜிசி அறிவிப்போட ஒரு காப்பியும் கூட வைங்க. பதினஞ்சு நாள் பாத்துட்டு பதில் இல்லன்னா யுஜிசியோட இ-சமாதான் போர்ட்டல்ல புகார் போடுங்க, போஸ்ட் ரசீதை ஸ்கேன் பண்ணி அதுல சேருங்க. பையன் ரெஸ்யூமுக்கு இதுக்காக காத்திருக்க வேணாம், +2 மார்க் ஷீட் டிஜிலாக்கர்ல (சர்டிபிகேட் வச்சுக்கற கவர்மென்ட் ஆப்) இருக்கான்னு பாத்து அந்த காப்பியை வச்சு அப்ளை பண்ணச் சொல்லுங்க.