ஆள் எண்ணும் கருவி குறைவாகக் காட்டுவது ஏன்?

அருவிப் பாதையில் கடந்து போனவர்களை நேரில் எண்ணினால் 530, உடல் சூட்டை உணர்ந்து ஆட்களை எண்ணும் அகச்சிவப்புக் கருவியில் 412 என்று எழுதியிருந்தீர்கள். கருவி பழுதில்லை. இரண்டு பேர் தோள் உரசி நடந்தால் அது ஒருவராகத்தான் பதியும். குடும்பங்கள் வரும் பாதையில் இது சகஜம்.

ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் கருவி வழிகாட்டிப் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே! அங்கே செல்ஃபிக்கு நின்று நகர்பவர் மூன்று முறை பதிவாவார். ஆக, உங்களுடையது கூடுதலும் குறைவும் கலந்த கணக்கு. ஒற்றை வரிசையில் மட்டுமே ஏற முடிகிற குறுகலான இடத்துக்கு மாற்றுங்கள். தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரம், பாதைக்குக் குறுக்காகப் பார்க்க வேண்டும். எதிரே புதர் கூடாது: வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினால் அதையும் ஆளாக எண்ணிவிடும். தடித்த அடிமரம் இருந்தால் நல்லது.

பிறகு வார நாள், ஞாயிறு, காலை, மாலை என்று கலந்து மறுபடி எண்ணுங்கள். நேரில் எண்ணியதைக் கருவியின் எண்ணால் வகுத்தால் திருத்தக் காரணி, அதாவது கருவியின் எண்ணைப் பெருக்கிச் சரிசெய்ய வேண்டிய எண்; இப்போதைக்கு 1.29. ஞாயிற்றுக்கிழமைக் காரணியைச் செவ்வாய்க்கிழமைக்குப் போட்டால் இல்லாத ஆளெல்லாம் கணக்கில் வந்துவிடும், தனித்தனியாக வையுங்கள். போன வழியே திரும்பும் பாதையென்றால் ஒருவரே இரண்டு முறை பதிவாவார், அதனால் கடைசியில் 2 ஆல் வகுக்க வேண்டும்.