ரொட்டி இல்லாத ரூபன்

கேள்வி: அமெரிக்காவில் புகழ்பெற்ற ரூபன் சாண்ட்விச்சின் சுவையில், விருந்துக்காக, ரொட்டியால் தொட்டுச் சாப்பிடும் சூடான சீஸ் டிப் ஒன்றைச் செய்தேன். ஓவனிலிருந்து எடுத்தபோது மேலே எண்ணெய் மிதந்தது, அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது, சீஸோ திரிதிரியாகப் பிரிந்து கிடந்தது. எங்கே தவறினேன்?

பதில்: தண்ணீரும் எண்ணெயும் தனித்தனிக் காரணங்களால் வந்தவை. முதலில் தண்ணீரைப் பார்ப்போம். உப்பு நீரில் பதப்படுத்தி வேகவைத்த மாட்டிறைச்சியான கார்ன்ட் பீஃப், முட்டைக்கோஸைப் புளிக்கவைத்துச் செய்யும் சவர்க்ராட், சுவிஸ் சீஸ், மயோனைஸில் கெச்சப் கலந்த ரஷ்யன் டிரெஸ்ஸிங் ஆகியவற்றை, ரை என்னும் தானிய மாவில் செய்த ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்து வாட்டி எடுப்பதுதான் ரூபன். அதில் சவர்க்ராட்டிலிருந்து கசியும் நீரை ரொட்டி உறிஞ்சிக்கொள்வதால், அந்த நீர் நம் கண்ணுக்கே தெரிவதில்லை. டிப்பில் ரொட்டி பாத்திரத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஆகவே அது செய்துவந்த வேலையை நாம்தான் கையால் செய்தாக வேண்டும். சவர்க்ராட்டை வடிகட்டியில் வைத்தால் மட்டும் போதாது. சுத்தமான துணியில் கட்டி, இனி ஒரு சொட்டும் வராது என்னும்வரை முறுக்கிப் பிழிந்து, பிறகு பொடியாக நறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பல் காட்டினால் மற்ற எந்தத் திறமையும் டிப்பைக் காப்பாற்றாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது எண்ணெய். சீஸில் கொழுப்பையும் நீரையும் பிடித்துவைத்திருப்பது அதன் புரதம். மிதமான சூட்டில் அந்தப் புரதம் தளர்ந்து சீஸ் வழவழப்பாக உருகும். சூடு மிகுந்தாலோ, நெடுநேரம் நீடித்தாலோ புரதம் இறுகிச் சுருங்கி, கொழுப்பை வெளியே தள்ளிவிடும். நீங்கள் கண்ட திரிகள் இறுகிய புரதம், மிதந்தது அது கைவிட்ட கொழுப்பு. பாக்கெட்டில் துருவி விற்கப்படும் சீஸில், இழைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது உருகும்போது லேசாக நறநறக்கும். எனவே கட்டியாக வாங்கி, வீட்டிலேயே துருவிக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேருக்கு நான் வைக்கும் அளவு இது: கிரீம் சீஸ் 225 கிராம், சவர் கிரீம் 120 கிராம், ரஷ்யன் டிரெஸ்ஸிங் 60 மில்லி, துருவிய சுவிஸ் சீஸ் 200 கிராம், பொடியாக நறுக்கிய கார்ன்ட் பீஃப் 225 கிராம், பிழிந்த சவர்க்ராட் 150 கிராம். கிரீம் சீஸைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து முன்னதாகவே எடுத்து, விரலால் அழுத்தினால் குழியும் பதத்துக்கு வந்த பிறகே சவர் கிரீமுடனும் டிரெஸ்ஸிங்குடனும் சேர்த்து அடித்துக் குழைக்க வேண்டும். குளிர்ச்சியோடு கலந்தால் கட்டிகள் கரையவே கரையாது. பிறகு இறைச்சியையும் சவர்க்ராட்டையும் முக்கால் பங்கு சுவிஸ் சீஸையும் கிளறி, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, மீதிச் சீஸை மேலே தூவி, 180 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். ஓரங்கள் கொப்புளிக்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். நிறம் வரட்டும் என்று காத்திருப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உப்புச் சேர்க்கவே வேண்டாம். இறைச்சி, சவர்க்ராட், சீஸ் மூன்றிலும் அது போதிய அளவு இருக்கிறது.

தொட்டுக்கொள்ள ரை ரொட்டியையே மெல்லியதாக வெட்டி, மொறுமொறுப்பாகச் சுட்டு வையுங்கள். சீரகம் போன்ற கேரவே விதை சேர்த்த ரை ரொட்டியாக இருந்தால் இன்னும் நன்று. உருளைக்கிழங்கு வறுவலை வைத்தால் உப்பின் மேல் உப்பாகிவிடும். அதைவிட முக்கியமாக, ரை மாவின் அந்த லேசான புளிப்பும் கசப்பும் இல்லாத டிப்பை ரூபன் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: ரூபன் என்பது யாருடைய பெயர்?

பதில்: இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்தார், பிளாக்ஸ்டோன் ஹோட்டலில் சீட்டாட வந்த மளிகை வணிகர் ரூபன் குலகோஃப்ஸ்கியைச் சொல்கிறார்கள். நியூயார்க்கினரோ, அங்கே உணவகம் நடத்திய ஆர்னல்ட் ரூபனைச் சொல்கிறார்கள். 1956-இல் அமெரிக்காவின் தேசிய சாண்ட்விச் போட்டியில் இது வென்றபோது, அனுப்பியவர் ஒமாஹாவைச் சேர்ந்த உணவக ஊழியரான ஒரு பெண்மணி.

கேள்வி: மாட்டிறைச்சி உண்ணாத விருந்தினர்களுக்கு என்ன செய்யலாம்?

பதில்: அமெரிக்கர்களே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கார்ன்ட் பீஃபுக்குப் பதிலாக வான்கோழி இறைச்சியும், சவர்க்ராட்டுக்குப் பதிலாக, பச்சை முட்டைக்கோஸைச் சீவி மயோனைஸில் கலந்த கோல்ஸ்லாவும் வைத்த சாண்ட்விச்சுக்கு ரேச்சல் என்று பெயர். டிப்பாக்கும்போது கோல்ஸ்லாவையும் நன்றாக வடித்து, அதிலேயே மயோனைஸ் இருப்பதால் டிரெஸ்ஸிங்கைப் பாதியாகக் குறையுங்கள். இறைச்சியே வேண்டாதவர்களுக்குக் காளானை நறுக்கி, அதன் நீர் முழுதும் சுண்டும்வரை வதக்கிச் சேர்க்கலாம். சவர்க்ராட்டுக்குச் சொன்ன கண்டிப்பு காளானுக்கும் பொருந்தும்.

கேள்வி: முந்தைய நாளே செய்து வைக்கலாமா? மேசையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பதில்: கலந்து, பாத்திரத்தில் பரப்பி, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், சுடுவதை மட்டும் விருந்தன்று செய்யுங்கள். ஒருமுறை உருகி இறுகிய சீஸ் மறுபடி சூடாகும்போது கொழுப்பை விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். கண்ணாடிப் பாத்திரத்தைக் குளிர்ச்சியோடு நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும் என்பதால், 20 நிமிடம் வெளியே வைத்திருந்துவிட்டு, சுடும் நேரத்தில் ஏறத்தாழ பத்து நிமிடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேசையில் சூடேற்றும் வசதி இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஸ்லோ குக்கர் இருந்தால், 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் சூட்டைக் காக்கும் நிலையில் வைத்து, அவ்வப்போது ஓரங்களைக் கிளறிவிடுங்கள்.

கூட்டம் பெரிதென்றால் கலவையை இரண்டு சிறு பாத்திரங்களாகப் பிரித்து, முதலாவது பாதி காலியாகும்போது இரண்டாவதை ஓவனுக்குள் அனுப்புவதே எனக்குப் பிடித்த முறை. தாமதமாக வருகிறவருக்கும் கொப்புளிக்கும் டிப் கிடைக்கும்.