பாதி சார்ஜில் ட்ரோனைப் பறக்க விடலாமா? கேள்வி பதில்

முழுதாக சார்ஜ் ஏறாத பேட்டரியோடு பறப்பது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இங்கே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். லித்தியம் பாலிமர் பேட்டரியை மனதில் வைத்தே எல்லாம் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் ட்ரோன் முழு சார்ஜில் 30 நிமிடம் பறக்கும். இப்போது 60 சதவீதம் இருக்கிறது. 18 நிமிடம் கிடைக்கும்தானே?

கிடைக்காது. 30 சதவீதம் மிச்சமிருக்கும்போதே ட்ரோன் தரையில் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. முழு பேட்டரியோ பாதி பேட்டரியோ, அந்த 30-ஐ ஒதுக்கித்தான் ஆக வேண்டும். முழு சார்ஜில் செலவழிக்க 70 இருக்கும், அதாவது 21 நிமிடம். 60-ல் கிளம்பினால் செலவழிக்க 30 மட்டுமே, 9 நிமிடம். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறது, பறக்கும் நேரமோ பாதிகூட இல்லை. அந்த 9 நிமிடமும் காற்று அசையாத நாளுக்கான கணக்கு. நானாக இருந்தால் 6 நிமிடத்துக்குத் திட்டமிட்டு, பக்கத்திலேயே பறக்க விடுவேன்.

கேள்வி: 50 சதவீதத்தில் கிளம்பி வேகமாக மேலே ஏற்றினேன். உடனே பேட்டரி எச்சரிக்கை வந்தது. இறக்கிப் பார்த்தால் 45 காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. சதவீதம் என்பது உள்ளே எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்ற கணக்கு. எச்சரிக்கை வந்தது வோல்டேஜ் விழுந்ததால்.

பேட்டரி என்பது சில செல்களை அடுக்கிச் சேர்த்தது. ஒவ்வொரு செல்லுக்கும் உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே போவதை உள்ளேயே தடுக்கும் குணம், என்று ஒன்று உண்டு. மோட்டார்கள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றனவோ அவ்வளவு வோல்டேஜ் உள்ளேயே விழும். செல்லுக்கு 5 மில்லிஓம் உள்ள நல்ல பேட்டரியில் 40 ஆம்பியர் இழுத்தால் 0.2 வோல்ட் விழும். அதே பேட்டரி பழசாகி 15 மில்லிஓம் ஆகிவிட்டால் 0.6 வோல்ட் விழும். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட்டில் இருக்கிறது, 0.6 போனாலும் 3.6, ஒன்றும் ஆகாது. பாதி சார்ஜில் செல் ஏறக்குறைய 3.8 வோல்ட். அதில் 0.6 போனால் 3.2. பறக்கும்போது 3.5-க்குக் கீழே போனாலே எனக்குக் கவலை வந்துவிடும்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ட்ரோனைத் தூக்கி நிறுத்தத் தேவையான சக்தி மாறுவதில்லை, அதனால் வோல்டேஜ் குறையக் குறைய மோட்டார்கள் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், அதனால் வோல்டேஜ் இன்னும் விழும். கடைசி 20 சதவீதம் கண் எதிரே கரைவதற்கு இது ஒரு காரணம். ஆகவே பாதி சார்ஜில் பறந்தால் திராட்டிலை, அதாவது ட்ரோனை மேலே ஏற்றும் குச்சியை, மெதுவாக ஏற்றுங்கள். சதவீதத்தோடு செல் வோல்டேஜையும் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்களுக்குள் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பேட்டரியோடு கிளம்பவே வேண்டாம்.

கேள்வி: போன வாரம் முழுதாக சார்ஜ் செய்து வைத்தேன். இன்று பார்த்தால் குறைந்திருக்கிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கேமரா ட்ரோன்களின் ஸ்மார்ட் பேட்டரிகள் பல, சில நாள் சும்மா இருந்தால் தாமாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். முழு சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் உப்பிக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. பறப்பதற்கு முதல் நாள் இரவு சார்ஜ் போடுங்கள், போதும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால், எத்தனை சதவீதம் காட்டினாலும் அதோடு பறக்கக் கூடாது.

கேள்வி: எஃப்பிவி ட்ரோனில் (கண்ணாடித் திரையில் நேரலைப் படம் பார்த்து ஓட்டுவது) கொஞ்சம் பறந்துவிட்டு பேட்டரியைக் கழற்றி வைத்தேன். பிறகு மாட்டியபோது எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டியது, ஆனால் ஒரு நிமிடத்தில் விழுந்துவிட்டது. ஏன்?

இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன, பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, எவ்வளவு சார்ஜ் செலவானது என்று திரையில் காட்டும் மில்லிஆம்பியர்-மணிக் கணக்கு. பேட்டரியை மாட்டும் ஒவ்வொரு முறையும் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முன்பு நீங்கள் செலவழித்தது அதற்குத் தெரியாது.

இரண்டாவது இன்னும் ஆபத்து. பீட்டாஃப்ளைட், அதாவது எஃப்பிவி ட்ரோன்கள் பலவற்றை இயக்கும் மென்பொருள், மொத்த வோல்டேஜை வைத்துத்தான் செல்களின் எண்ணிக்கையை ஊகிக்கிறது. வழக்கமான அமைப்பில் ஒரு செல்லுக்கு அதிகபட்சம் 4.3 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் 6 செல் பேட்டரி செல்லுக்கு 3.55-க்கு இறங்கியிருந்தால் மொத்தம் 21.3 வோல்ட். அதை 5 செல் பேட்டரி என்று எண்ணி, செல்லுக்கு 4.26 வோல்ட் என்று திரையில் காட்டும். காலியான பேட்டரி, முழு பேட்டரியாகத் தெரியும்! எச்சரிக்கையும் நேரத்துக்கு வராது. செல் எண்ணிக்கையை அமைப்பில் நீங்களே 6 என்று நிலையாகப் போட்டுவிடுங்கள். மாட்டுவதற்கு முன் செல் செக்கரில் (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் காட்டும் சின்னக் கருவி) பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பறந்த பேட்டரியையும் பறக்காததையும் தனித்தனிப் பையில் வையுங்கள்.

கேள்வி: பாதியில் கழற்றி, பாதியில் சார்ஜ் போட்டால் பேட்டரி கெடுமா?

கெடாது. அடிமட்டம்வரை காலி செய்வதுதான் கெடுக்கும். பறந்து வந்த பேட்டரி ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: குளிர் நாளில் 70 சதவீதம் போதுமா?

பேட்டரியே குளிர்ந்திருந்தால் போதாது. குளிரில் உள்மின்தடை கூடும், மேலே சொன்ன வோல்டேஜ் விழுதல் பல மடங்கு தெரியும். பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்து 20 டிகிரிக்கு மேல் கொண்டுவாருங்கள். தலை உயரத்துக்கு மேல் ஒரு நிமிடம் அந்தரத்தில் நிறுத்திவிட்டு அப்புறம் நகர்த்துங்கள்.

கேள்வி: பேட்டரி குறைந்தால் ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிடுமே, எதற்கு இவ்வளவு கவலை?

அந்த வசதி நல்லதுதான், ஆனால் எதிர்காற்றின் முன் அது அடிக்கடி தோற்றுப்போகும். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் போகும் ட்ரோன், 5 மீட்டர் காற்று பின்னால் தள்ள 17-ல் போகும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம்தான். திரும்பும்போது அதே காற்று எதிரில், வேகம் 7 மீட்டர். கிட்டத்தட்ட 2 நிமிடம் 23 நொடி ஆகும். நான் ஒருமுறை 55 சதவீதத்தோடு நீர்ப்பரப்பின் மேல் காற்றோடு போய்விட்டுத் திரும்பினேன். கரை தொட்டபோது 9 சதவீதம். அன்றைக்கு கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து பாதி சார்ஜ் என்றால் முதலில் எதிர்காற்றில்தான் கிளம்புவேன், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும்.

திரும்பும் உயரத்தையும் பாருங்கள். 100 மீட்டர் என்று வைத்திருந்தால் அவ்வளவு மேலே ஏறிய பிறகுதான் ட்ரோன் திரும்பத் தொடங்கும். ஏறவும் சார்ஜ் செலவாகும், மேலே காற்றும் பலம்.

கேள்வி: சரி, தூரத்தில் இருக்கும்போதே எச்சரிக்கை வந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் படம் பிடிப்பதை விட்டுவிடுங்கள். தடைகள் இல்லாத இடமாக இருந்தால் உயரத்தைக் குறையுங்கள், கீழே காற்று குறைவு. குச்சியை ஒரே சீராகப் பிடித்துத் திரும்புங்கள். எதிர்காற்றில் நகரவே இல்லை என்றால் மட்டும் ஸ்போர்ட் மோடுக்கு (அதிவேக நிலை) மாற்றுங்கள். வந்து சேராது என்று தோன்றிய உடனேயே, அதாவது 20 சதவீதம் இருக்கும்போதே, ஆள் இல்லாத வெட்டவெளியாகப் பார்த்து இறக்கிவிடுங்கள். இன்னும் தாமதித்தால் ட்ரோன் தானே இறங்கத் தொடங்கும், கீழே என்ன இருக்கிறது என்று அது பார்க்காது. இறக்கிய இடத்தின் வரைபடக் குறியீடு ஆப்பில் இருக்கும். நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம்.