மழை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்க என்ன வாங்கி வரலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: உங்களுக்கு வேலை சென்னையில், சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பள்ளி மூடும்போதெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் சும்மா திரிகிறார்கள். நண்பர்கள் சேர்ந்து நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 350 ரூபாயில் ஒரு கைவினைப் பெட்டி கொடுத்துப் படைப்பாற்றலை வளர்க்கலாம் என்று நினைக்கிறீர்கள். பெட்டிக்குள் என்னென்ன வைக்கலாம் என்பதுதான் கேள்வி.

பெட்டியே வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் 'சும்மா திரிகிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். 2020 மே மாதம் நானும் அதையேதான் சொன்னேன்.

எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். கல்லணையிலிருந்து வரும் வெண்ணாறு எங்கள் ஊருக்கு அருகில் மூன்றாகப் பிரியும்: பாமணியாறு, கோரையாறு, மிச்சம் வெண்ணாறாகவே போகும். மூணாறு தலைப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு மிஸ். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, பள்ளியை மூடினார்கள். ஏப்ரலில் பாதிச் சம்பளம் வந்தது. மே மாதம் அதுவும் இல்லை.

வீட்டில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அப்பா அம்மா எல்லாம் கூலி வேலை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பட்டன் போன். கல்வித் தொலைக்காட்சி பார்க்கச் சொன்னார்கள், பாதி வீட்டில் கேபிளுக்குப் பணம் கட்டவில்லை. சரி, நாமாவது ஏதாவது செய்வோம் என்று போனேன். எங்கள் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்ததற்கு என் சொந்தக்காரர்களே பேசிய பேச்சை இங்கே எழுத விருப்பமில்லை. டெல்டாக்காரர்களுக்கு விளங்கும்.

(கொரோனா காலத்தில் பிள்ளைகளைக் கூட்டம் சேர்த்தீர்களா என்று யாராவது கேட்பீர்கள். பூவரச மரத்தடி, திறந்த வெளி, ஒரு நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை, எல்லார் மூக்கிலும் துணி. இதைவிடக் கூட்டம் ரேஷன் கடையில் இருந்தது.)

முதல் நாள் நான் கொண்டுபோனது தலையாட்டி பொம்மை. தஞ்சாவூரில் வாங்கியது, எங்கள் வீட்டுக் கொலுவில் இருப்பது. புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பொருள், இதைச் செய்யச் சொல்லிக்கொடுத்தால் பண்பாடும் வளரும் படைப்பாற்றலும் வளரும் என்று பெரிய கணக்குப் போட்டிருந்தேன். அப்போது அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்தவர்கள் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு அங்கேயே கூடாரம் போட்டிருந்தார்கள். வாத்து முட்டை மலிவாகக் கிடைத்தது. கோழி முட்டையைவிட ஓடு கெட்டி. முனையில் சின்னதாக ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்து, அடியில் ஈரக் களிமண்ணை அழுத்தினால் போதும். கனம் அடியில் இருப்பதால் தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கும். கடையில் விற்கும் பொம்மைக்கும் சூட்சுமம் அதுதான். மேலே பழைய செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் நாலு சுற்று ஒட்டினால் உடையாது. பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் கையில் அது படவே கூடாது, விஷம். வேப்பிலையைக் காய்ச்சிய தண்ணீரில் மைதாவைக் கரைத்தேன்.

வண்ணத்துக்கும் கடைக்குப் போகவில்லை. செங்கல் பொடி, அடுப்புக்கரி, மஞ்சள், சுண்ணாம்பு. மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்தால் சிவப்பாகிவிடும். ஆரத்தி கரைக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாதா, என்னிடம் "மிஸ், இது எங்களுக்குத் தெரியுமே" என்றார்கள்.

மூன்று நாளில் பதினோரு பொம்மை. பதினொன்றும் என் பொம்மை மாதிரியே இருந்தது. பொட்டு வைத்த இடம்கூட மாறவில்லை. நான் பூரித்துப்போய்ப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன், எழுபது பேர் பார்த்தார்கள். நாலாம் நாள் வந்தது மூன்று பேர்தான்.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "ஆத்துல வேலையா இருக்காங்க மிஸ்" என்றது ஒரு சின்னது. எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு செய்கிறோம், சும்மா திரியப் போய்விட்டார்களே என்று. அந்தச் 'சும்மா' அங்கே நான் சொன்னதுதான்.

போய்ப் பார்த்தேன். அந்தக் கோடையில் வாய்க்காலைத் தூர்வாரி, பொக்லைன் அள்ளிப்போட்ட களிமண் கரை நெடுகக் குவிந்து கிடந்தது. அதை எடுத்துப் பூவரச மரத்தடியிலிருந்து அடிபம்பு வரைக்கும், ஒரு இருபது அடி இருக்கும், ஆறு கட்டியிருந்தார்கள். அடிபம்பில் அடித்தால் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கிருந்து வெண்ணாறு. அப்புறம் மூணாறு தலைப்பு, மூன்று கிளை. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, மடைக்குக் கீழே உள்ளங்கை அளவு வயல். வெறும் களிமண் என்றால் தண்ணீரைக் குடித்துவிடும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் உமியைச் சேர்த்து மிதித்து, மேலே சாணம் மெழுகியிருந்தார்கள்.

ஷட்டரைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையை அளவாக வெட்டி, உருகிய மெழுகில் முக்கி எடுத்திருந்தான் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அட்டையில் நூல் கட்டி, அந்த நூலைத் தையல்காரரிடம் வாங்கிய காலி நூல்கண்டில் சுற்றி, கண்டுக்குள் ஈர்க்குச்சியைச் செருகியிருந்தான். குச்சியைத் திருகினால் ஷட்டர் ஏறும், திருப்பிச் சுற்றினால் இறங்கும். தலைப்பில் ஷட்டரைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் சக்கரத்தைச் சுற்றுவதை எத்தனை நாள் நின்று பார்த்திருப்பானோ. எல்லாரும் அவனை "லஸ்கரே" என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பி.எட். படித்தவள். எனக்கு அந்த நூல்கண்டு தோன்றியிருக்காது.

சண்டையும் இருந்தது. கடைசி வயல் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியுடையது. அடிபம்பை எவ்வளவு அடித்தாலும் அவள் வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. லஸ்கரிடம் கேட்டால், "ராத்திரி வரும், போய்ப் படு" என்றான். பெரியவர்கள் சொல்லிக் கேட்டது. மறுநாள் காலையில் மேலே ஒரு வாய்க்கால் கரை உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் பெரியவர்களிடம் கற்றதுதான்.

உட்கார்ந்து பேசி முறை வைப்பது என்று முடிவானது. யாரிடமும் கடிகாரம் இல்லை. அந்தப் பெண் ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு வேலியில் தொங்கவிட்டாள். பாட்டில் காலியாகும் வரை ஒரு கிளைக்குத் தண்ணீர், மறுபடி நிரப்பினால் அடுத்த கிளைக்கு. கடைமடைக்கு மட்டும் இரண்டு பாட்டில், ஏனென்றால் பாதித் தண்ணீர் வழியிலேயே ஊறிவிடுகிறது. பழைய காலத்தில் நாழிகை வட்டில் என்று நீரை வைத்து நேரம் பார்த்தார்கள் என்று நான் அவளிடம் அதுவரை சொன்னதும் இல்லை, அவள் படித்ததும் இல்லை. அவளுடைய அப்பா கடைமடையில் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அதிலிருந்து நான் தலையாட்டி பொம்மையைக் கொண்டுபோகவில்லை. கூடவே உட்கார்ந்திருப்பேன். கேட்டால் மட்டும் சொல்வேன். என்ன கேட்டார்கள்? மெழுகு கேட்டார்கள். கத்தரிக்கோல் கேட்டார்கள். வயலில் நிற்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள், வாழைநாரை முறுக்கி நடவுக்காரிகள் செய்தோம். ஒரு பையன் வாத்துக் கூட்டம் வேண்டும் என்று புளியங்கொட்டைகளைச் சுண்ணாம்பில் புரட்டி வயலில் விட்டான். அத்தனைக்கும் என் கைக்காசு 200 ரூபாயைத் தாண்டவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு "ஏழைப் பிள்ளைகள் மண்ணில் விளையாடினால் போதும், அவர்களுக்கு வேறொன்றும் வேண்டாம் என்கிறாயா" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். இல்லை ஐயா. ஒன்றிலிருந்து எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. ஒன்றரை வருஷத்துக்கு மேல். அந்த நூல்கண்டுப் பையன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படித்தான், அதற்கு என் களிமண் ஒன்றும் செய்துவிடவில்லை. உயர் வகுப்புகளைச் செப்டம்பரிலேயே திறந்தார்கள், அவன் போகவில்லை. திருச்சியில் பேக்கரியில் இருக்கிறான் என்றார்கள். கைவேலை பள்ளிக்கு மாற்று என்று நான் எங்கும் சொல்லவில்லை.

பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்குச் சம்பளம் தராத அந்தப் பள்ளி, ஆன்லைன் வகுப்புக்குப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கியது. நாங்கள் கேட்டால் "வகுப்புதான் நடக்கவில்லையே" என்றார்கள். வேலையை விடுகிறேன் என்றதும், சேரும்போது வாங்கிவைத்த அசல் சான்றிதழ்களைத் தரமாட்டோம், மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு என்றார்கள். அவர்கள் எனக்குத் தராத சம்பளத்தை நான் அவர்களுக்குக் கட்ட வேண்டுமாம்! எட்டு மாதம் அலைந்தேன். ஆசிரியர் தினத்தன்று வாழ்த்து அட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் யாராவது தனியார் பள்ளியில் சேரப்போகிறீர்கள் என்றால் அசலைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆறு எத்தனை நாள் இருந்தது என்றால், மூன்று வாரம். அந்த வருஷம் எட்டு வருஷத்துக்குப் பிறகு ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்தார்கள். நிஜ ஆற்றில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்த அன்று எல்லாப் பிள்ளைகளும் அங்கே ஓடிவிட்டார்கள். களிமண் ஆற்றை ஆடுதான் மிதித்தது. யாரும் அழவில்லை. அடுத்து நடவு வந்தது. அம்மாக்கள் வயலுக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் இடுப்பில் தம்பி தங்கையோடு நின்றார்கள். மரத்தடிக்கு வந்தது நாலு பேர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் மழை விடுமுறையில் வேலை குறைவு, பிள்ளைகள் வருவார்கள். ஆனால் நடவு, களை, அறுப்பு நாளில் நாற்பது பெட்டியோடு வந்து நின்றால் வாங்க ஆள் இருக்காது.

மழையில் களிமண் காயாது, அதையும் யோசியுங்கள். அந்த நேரத்துக்குத் தென்னை ஓலை இருக்கிறது. காற்றில் விழுந்த மட்டை தெருவுக்குத் தெரு கிடக்கும். பாம்பு, கைக்கடிகாரம், பீப்பி, காத்தாடி எல்லாம் அவர்களுக்கே பின்னத் தெரியும், தெரியாவிட்டால் தாத்தாக்களுக்குத் தெரியும். வாழைமட்டை, நூல், பழைய அட்டை. உட்கார மழை ஒழுகாத ஓர் இடம் வேண்டும், பெரிய கஷ்டம் அதுதான். நீங்கள் திரட்டிய 14,000 ரூபாயில் ஒரு நல்ல தார்ப்பாயும் ஒரு விளக்கும் வாங்குங்கள். மாதிரி எதையும் முன்னால் வைக்காதீர்கள். முதல் இரண்டு நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். படம் எடுத்துப் போட ஒன்றும் கிடைக்காது. உங்கள் நண்பர்கள் பொறுப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோல் மட்டும் நல்லதாக நாலைந்து வாங்கி வாருங்கள், முனை மழுங்கியதாக. என்னிடம் இருந்த ஒன்றையும் வாத்துக்காரர் வீட்டுப் பையன் ஒருநாள் கேட்டு வாங்கிப் போனான். மறுநாள் விடியற்காலையில் வாத்துகளோடு அவர்கள் கூடாரமும் கிளம்பிவிட்டது.