அதே கொள்ளைக்காரன எத்தன தடவ அடிக்கிறது?

கேள்வி: அண்ணே, மகன் ஃபார்ம் 2 படிக்கிறான், ஸ்கூல் விட்டு வந்தா ரோப்லாக்ஸ்ங்கிற ஆன்லைன் கேம் தளத்துல பிளாக்ஸ் ஃப்ரூட்ஸ் கேம் தான். அடிச்ச ஆளுங்களே திரும்ப எழுந்து வர்றாங்க, இவன் திரும்ப அடிக்கிறான். கேட்டா 'கிரைண்ட் பண்றேன்மா'ங்கிறான். அப்படி என்னதான் இருக்கு அதுல?
– ஒரு அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: கிரைண்ட்னா லெவல் ஏத்த அதே ஆளுங்கள திரும்பத் திரும்ப அடிக்கிறது, பக்கத்துல உக்காந்து பாத்தா எனக்கும் கொட்டாவி தான் வரும்க்கா. ஜப்பான்ல ஓடாங்கிற ஓவியர் 1997ல ஆரம்பிச்ச ஒன் பீஸ் காமிக்ஸ் கதையில ஒரு பழத்த தின்னா சக்தி வரும், ஆனா நீச்சல் போயிரும், அத வச்சு ரசிகருங்க 2019ல ரோப்லாக்ஸ்ல விட்ட கேம் இது. கதையில ஹீரோ லூஃபி ரப்பர் கைய நீட்டி அடிக்கிறத பாக்க மட்டும்தான் முடியும், இங்க உங்க பையனே அடிக்கலாம் (கித்தா, அதான் ரப்பர் மரத்துக்கு நடுவுல வளர்ற புள்ளைக்கு ரப்பர் ஹீரோ, பொருத்தம் தான் போங்க).

லெவல் 700 வந்தா ரெண்டாவது கடல்ங்கிற புது இடம் திறக்கும், 1500ல மூணாவது. விழுந்து விழுந்து படிச்சாலும் பரீட்சையில மார்க் ஏறுமான்னு தெரியாது, இங்க அடிச்ச அடிக்கு கணக்கு அப்பவே கண்ணு முன்னாடி ஏறுது. அதவிட முக்கியம், கை தானா அடிச்சிட்டு இருக்கும், வாய் சும்மா தான இருக்கு, கொஞ்சம் காது குடுத்து கேளுங்க, அவனும் கூட சேர்ந்து ஆடுற பசங்களும் பாதி நேரம் கேமப் பத்தியே பேச மாட்டானுங்க, தோட்டத்த வித்தப்புறம் ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புக்கு) போயிட்ட பசங்க சாயங்காலம் பந்து விளையாட ஒண்ணு சேர முடியாம இதுல சேர்றானுங்க, விறுவிறுன்னு ஓடுற கேமா இருந்தா இப்படி கத பேச முடியுமா சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ கேம் காசு குடுத்து பழம் குலுக்கி எடுக்குறது இருக்கே, அது நாலு நம்பர் லாட்டரி எடுக்குற மாதிரி தான், அடுத்தது நல்லது விழும்னு உக்கார வச்சிரும். லெவல மெதுவா ஏற விட்டுட்டு, லெவல் ஏத்துற எக்ஸ்பி பாயிண்ட ரெண்டு மடங்காக்குறத ரோபக்ஸுக்கு விக்கிறதும் அவங்களே தான். ரோபக்ஸ்னா நெசமான ரிங்கிட் குடுத்து வாங்குற ரோப்லாக்ஸ் காசுக்கா, ஃபோன்ல உங்க கார்ட போட்டு வைக்காதீங்க.

கேள்வி: அண்ணா, லெவல் தானா ஏற ஸ்கிரிப்ட் (நமக்குப் பதிலா ஆடுற புரோகிராம்) போடலாமா?
– ஃபார்ம் 1 மாணவன், பீடோர்

பதில்: போடாத தம்பி. மாட்டுனா கேம விட்டே தடை பண்ணிருவாங்க, அந்த ஃபைல்ல வைரஸ் இருந்தா அக்கவுண்டும் போச்சு.