மடக்குக் கூரை கார்களின் பிளாஸ்டிக் பின்கண்ணாடி: கேள்வி பதில்

இங்கிலாந்தில் கார் சீட்டும் ஹூட்டும் (மடக்குத் துணிக்கூரை) தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் பின்கண்ணாடி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்தவற்றில், ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5 பற்றியவை. 1989 முதல் 1997 வரை வந்த, விளக்குகள் மேலெழும் அந்தச் சின்ன கார்தான். வட அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர்.

டொரண்டோ வாசகர்: அண்ணை, என்ர 94 மியாட்டாவின்ர பின்கண்ணாடி மஞ்சளாப் போச்சு. இரவில பின்னால வாற காரின்ர லைட் மட்டும்தான் தெரியுது. பொலிஷ் போட்டாச் சரிவருமோ, மாத்தத்தான் வேணுமோ?

தம்பி, ஒரு கிண்ணம் தண்ணீரை எடுத்து வெளிப்பக்கம் நன்றாக நனைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் உங்கள் பிரச்சினை மேற்பரப்புக் கீறல்தான். கீறல்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் அப்படித் தெரிகிறது. இதற்கு பாலிஷ் பலன் தரும். நோவஸ், மெகுவையர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ், ரெனோவோ எல்லாமே இந்த வேலைக்கு ஆனவை. தேய்க்கும்போது உள்பக்கம் ஒருவர் மடித்த துண்டை வைத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷீட் குழிந்து குழிந்து புதுச் சுருக்கம் விழும்.

நனைத்தும் மஞ்சள் போகவில்லை என்றால் காசை பாலிஷில் போடாதீர்கள். இந்த ஷீட் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பான பொருள். வளைவதற்காக அதில் பிளாஸ்டிசைசர் சேர்க்கிறார்கள். வெயிலிலும் சூட்டிலும் அது வருடக்கணக்கில் கசிந்து வெளியேறுகிறது. ஷீட் சுருங்கி, விறைத்து, மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கிறது. மஞ்சள் நிறம் புற ஊதாக் கதிர் பொருளுக்குள்ளேயே செய்த மாற்றம். மேலே தேய்ப்பதால் அது போகாது. மடிப்புக் கோட்டில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் தண்ணீர்ச் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

குரோய்டனிலிருந்து: என் எம்.எக்ஸ்-5இல் பின்கண்ணாடி ஜிப்பில்தானே இருக்கிறது? புதிதாக ஒன்று வாங்கி, பழையதைக் கழற்றி, ஜிப்பை இழுத்தால் முடிந்ததா?

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையைத் தொடங்கி, இருட்டும்போது போன் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

ஜிப் ஓடுவது மேல்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் மட்டும்தான். கீழ்ப்பக்கம், கண்ணாடிக்கு அடியில் உள்ள துணி, மழைத்தண்ணீரை ஏந்தும் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் பட்டையோடு சேர்ந்து, காரின் உடலில் நிற்கும் ஸ்டட்களில் (மரையுள்ள சிறு கம்பிகளில்) மாட்டியிருக்கிறது. மேலே உலோகத் தகடுகள், அவற்றின் மேல் 10 மி.மீ. நட்டுகள். இதை எட்ட சீட்டுக்குப் பின்னால் உள்ள கார்பெட்டையும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பொத்தான்களையும் எடுக்க வேண்டும். முப்பது வயதுப் பொத்தானில் நாலில் ஒன்று உடையும், முதலிலேயே ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துருநீக்கும் எண்ணெய் தெளித்துவிடுங்கள். ஸ்டட் முறிந்தால் அது வேறு கதை, வேறு செலவு.

வாய்க்கால் பட்டையை நன்றாகப் பாருங்கள். ஸ்டட் நுழையும் துளைகளைச் சுற்றித்தான் அது கிழியும். கையில் எடுத்து வளைத்தால் கறுமுறு என்று சத்தம் வந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். புதுக் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பழைய பட்டையை விட்டால், அடுத்த மழையில் சீட்டுக்குப் பின்னால் குளம். இதே நட்டுகளை மறுபடியும் கழற்ற வேண்டிவரும்.

ஜிப்பிலும் ஒரு விஷயம் உண்டு. ஹூட் ஒரு கம்பெனியுடையதும் கண்ணாடி இன்னொரு கம்பெனியுடையதுமாக இருந்தால் பற்களின் அளவு பொருந்தாமல் போகலாம். பல கார்களில் இப்போது இருப்பது முதல் ஹூட்டே அல்ல. அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் பல்லை நெருக்கத்தில் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

பொருத்தும் வரிசை: நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஹூட்டைத் தூக்கி முன்னால் பூட்டி, ஜிப்பை முழுதும் இழுத்துப் பார்த்து, சுருக்கம் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகே ஸ்பானர். அதுவும் அளவோடு. ஸ்டட் மெல்லியது.

ஜிப் இல்லாத கார்க்காரர் ஒருவர்: ஷீட்டை நேரடியாகத் துணியில் தைத்திருக்கிறார்கள். வீட்டுத் தையல் மெஷினில் நானே தைக்கலாமா?

ஜீன்ஸ் தைக்கிற மெஷின் இரண்டு அடுக்கு ஹூட் துணியையும் ஒரு பி.வி.சி. ஷீட்டையும் ஒன்றாகக் குத்தும்போது பெரும்பாலும் திணறும். குத்தினாலும் மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே வேகத்தில் நகராது. அதற்குத்தான் பாதமும் ஊசியும் துணியைச் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின். அது இல்லையென்றால் அளவெடுப்பதையும் கழற்றுவதையும் நீங்கள் செய்து, தையலை மட்டும் வெளியில் கொடுங்கள். பணமும் மிஞ்சும், வேலையும் ஒழுங்காக இருக்கும்.

இந்த வேலையின் உயிர் அளவெடுப்பில்தான் இருக்கிறது. ஹூட்டைத் தூக்கி, முன்னால் கொக்கி பூட்டி, இழுவையில் இருக்கும்போது பழைய கண்ணாடியின் மேல் தாளை ஒட்டி விளிம்பைப் படியெடுங்கள். கழற்றிக் கீழே போட்ட பிறகு எடுத்த அளவு பொய் சொல்லும். பழைய ஷீட்டும் துணியும் சுருங்கியிருக்கும். நடுக்கோட்டைக் குறியுங்கள், பிறகு விளிம்பு முழுக்க 10 செ.மீ.க்கு ஒரு பொருத்தக் குறி, துணியிலும் தாளிலும். குளிர்ந்த கொட்டகையில் வெட்டித் தைத்த ஷீட் கோடையில் விரிந்து அலை அலையாக நிற்கும். 20 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத இடத்தில் ஷீட்டை சில மணி நேரம் பரப்பி வைத்த பிறகு வெட்டுங்கள்.

குண்டூசி கூடவே கூடாது. பி.வி.சி.யில் விழுந்த துளை மூடாது. இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி நிறுத்தித் தையுங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைப்பது சேலைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. நெருக்கமான துளைகள் தபால்தலை விளிம்பு மாதிரி கிழிவதற்கு வழி போட்டுக் கொடுத்துவிடும். அங்குலத்துக்கு 5 அல்லது 6 தையல் போதும். நூல் வெயில் தாங்கும் பாலியஸ்டர். பருத்தி நூல் வேண்டாம். பாதம் ஷீட்டில் ஒட்டி இழுத்தால் டெஃப்லான் பாதம் போடுங்கள். ஷீட்டின் பாதுகாப்புப் படலத்தைக் கடைசி வரை உரிக்காதீர்கள்.

தொடங்கும் முன் ஒன்று. கண்ணாடியைச் சுற்றியுள்ள துணியை இரு விரலால் கிள்ளி இழுத்துப் பாருங்கள். நூல் இழை பிரிந்தாலோ ரெக்சினில் வெடிப்பு தெரிந்தாலோ கண்ணாடியை மட்டும் மாற்றுவது வீண். புதுத் தையலை ஒட்டியே பழைய துணி கிழியும். அந்த நிலையில் முழு ஹூட்டும் மாற்றுங்கள் என்று சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். இன்னும் அதையேதான் சொல்வேன்.

தையலுக்குப் பதில் ஒட்டினால் என்ன?

தையலுக்கு மேல் துணையாக ஒட்டலாம், தையலுக்குப் பதிலாக வேண்டாம். ஷீட்டிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் சாதாரண கான்டாக்ட் பசையை மெல்ல மெல்ல இளக்கிவிடும். வினைலுக்கென்றே (பி.வி.சி.க்கு) உள்ள ஹெச்.ஹெச்-66 போன்ற பசை தாங்கும். அதுகூட ஒரு சின்னக் கிழிசலுக்கு ஒட்டுப் போடத்தான்.

எந்தத் தடிமன் ஷீட் வாங்குவது?

30 கேஜ் என்றால் 0.030 அங்குலம், ஏறக்குறைய 0.76 மி.மீ. 40 கேஜ் ஏறக்குறைய 1 மி.மீ. மடங்கும் கண்ணாடிக்கு 30 வளைந்து கொடுக்கும். 40 பார்வைக்குத் தட்டையாக நிற்கும், மடிப்பில் முரண்டு பிடிக்கும். இரு பக்கமும் அழுத்தி மெருகேற்றிய ஷீட்டையே கேளுங்கள். சுருளாக வரும் மலிவு ஷீட்டில் பின்னால் வரும் கார் நெளிந்து தெரியும். அமெரிக்க விதிப்படி வளையும் பிளாஸ்டிக்குக்கு ஏ.எஸ்.6 என்ற குறி இருக்கும். ஐரோப்பாவில் வட்டத்துக்குள் இ எழுத்தும் 43ஆர் என்பதும் இருக்கும். படகுக் கூரைக்கு விற்பது தரமானதாக இருந்தாலும் இந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: சார், 2013 மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன். கேன்வாஸ் ஹூட்டில் பின்பக்க பிளாஸ்டிக்கைக் குஷன் கடையில் மாற்றினேன். ஒரு வருஷத்தில் பால் மாதிரி வெளுத்துவிட்டது. கடைக்காரர் வெயில்தான் காரணம் என்கிறார்.

வெயில் பாதி, ஷீட் பாதி. டைனிங் டேபிளுக்கு மேல் விரிக்கிற ஷீட்டையும் ஏ.சி. அறை வாசலில் தொங்கவிடும் ஷீட்டையும் வெட்டித் தைப்பது பல கடைகளில் வழக்கம். அவை வீட்டுக்குள் இருக்கச் செய்தவை, புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் அவற்றில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த முறை ஷீட்டை நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வெளி உபயோகத்துக்கு, புற ஊதாக் காப்புள்ளது என்று விற்பவர் எழுதித் தரட்டும். தைப்பவரிடம் சண்டை வேண்டாம், அவர் கை நன்றாக இருந்தால் அதே கடைக்கே போங்கள்.

வண்டியை நிழலில் விடுவது ஷீட்டின் ஆயுளைக் கூட்டும். பின் ஃப்ளாப்பைச் சுருட்டிக் கட்டும்போது நடுவில் பழைய காட்டன் வேட்டித் துணி ஒன்றை வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். மண் ஒட்டிய ஷீட்டை அப்படியே சுருட்டினால் உப்புத்தாள் தேய்த்தது போல்தான்.

போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருப்பவர்: கூரை இறங்கும்போது பின்கண்ணாடியைக் கையால் தட்ட வேண்டும் என்கிறார்களே, வேடிக்கையா நிஜமா?

நிஜம். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் 2002 மாடல் வரை பிளாஸ்டிக், 2003 மாடலிலிருந்துதான் நிஜக் கண்ணாடி. பிளாஸ்டிக் உள்ளவற்றில் கூரையைப் பாதியில் நிறுத்தி, இறங்கிப் போய், ஷீட் அழகாக வளைந்து மடிகிற மாதிரி நடுவில் கையின் ஓரத்தால் மெல்ல அழுத்திவிட்டு மீண்டும் இறக்குவார்கள். இல்லையென்றால் அது இஷ்டத்துக்கு நொறுங்கி மடிந்து, அதே இடத்தில் நிரந்தரக் கோடு விழும். எம்.எக்ஸ்-5காரர்களுக்கு இந்த வேலை இல்லை. ஜிப்பைத் திறந்து கண்ணாடியைப் பின்னால் தட்டையாகப் படுக்க வைத்து, மேலே ஒரு துண்டு விரித்துவிட்டு ஹூட்டை மடக்குங்கள். அரை நிமிட வேலை. சோம்பல்பட்டு ஜிப்பைத் திறக்காமல் மடக்கிய ஒவ்வொரு தடவையும் ஷீட்டில் எழுதியிருக்கும், பட்டறையில் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

குளிர்காலத்தில்?

ஷீட் விறைத்திருந்தால் மடக்காதீர்கள். காரை ஓட்டி ஹீட்டரில் உள்ளே சூடேறிய பிறகு, விரலால் அழுத்தினால் இளகிக் கொடுக்கிறதா என்று பார்த்து மடக்கலாம். பனிக்கட்டியைச் சுரண்டவே கூடாது. கொதிநீர் ஊற்றவும் கூடாது.

நிஜக் கண்ணாடி உள்ள ஹூட்டுக்கு மாறிவிடலாமா?

முழு ஹூட்டும் மாற்றும் நிலை வந்துவிட்டால், ஆம். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்.எக்ஸ்-5இல் கண்ணாடியும் பனிநீக்கும் கம்பிகளும் வந்தன. அந்த ஹூட் முதல் தலைமுறைச் சட்டத்திலும் பொருந்தும். கம்பிக்கு வயரிங் மட்டும் தனியாக இழுக்க வேண்டும். கண்ணாடி மட்டும் கெட்டு, துணி நன்றாக இருந்தால் பிளாஸ்டிக்கே போடுங்கள். ஹூட்டைத் தூக்கி வைத்துக்கொண்டே பின்கண்ணாடியை மட்டும் ஜிப் திறந்து ஓட்டுகிற சுகம், பெரும்பாலான கண்ணாடி ஹூட்டுக்காரர்களுக்குக் கிடையாது.

சீட்டுக்குப் பின்னால் ஈரம். ஜிப் வழியாகத்தான் தண்ணீர் வருகிறதா?

ஜிப்பை யாருமே சந்தேகப்படாமல் விடுவதில்லை, பாவம். முதலில் வடிகாலைப் பாருங்கள். வாய்க்கால் பட்டையில் சேரும் தண்ணீர் சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாகக் காருக்கு அடியில் இறங்க வேண்டும். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும், கதவுக்குக் கீழே உள்ள, 'சில்' எனப்படும் உலோகப் பகுதி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இந்த நாட்டு எம்.எக்ஸ்-5களின் 'சில்' அழுகுவதில் இதற்குப் பெரிய பங்கு. மெல்லிய, முனை மழுங்கிய நைலான் வயரால் மெதுவாகக் குடைந்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா பாருங்கள். கூர்மையான கம்பி வேண்டாம், உள்ளே குழாய் ஓட்டையாகும்.

புதுசு போட்டாச்சு. எதால் துடைப்பது?

முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை ஓடவிடுங்கள். பிறகு மென்மையான சோப்பு, மைக்ரோஃபைபர் துணி, மேலிருந்து கீழாக நேர்கோட்டில். அமோனியா உள்ள வீட்டுக் கண்ணாடி ஸ்ப்ரே, ஸ்பிரிட், தின்னர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. காய்ந்த துணியால் தூசி தட்டுவதும் வேண்டாம்.

எப்போது மடக்கலாம்? பார்க்கிங் பெர்மிட் ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் ஒட்டலாமா?

குறைந்தது ஒரு வாரம், நல்ல வெயில் நாள் இரண்டாவது அதில் வரும்படி, ஹூட்டைப் பூட்டியே வைத்திருங்கள். சின்னச் சுருக்கங்கள் தானாக இழுபட்டுப் போகும். ஹேர் டிரையரை எடுத்து அவசரப்படுத்த வேண்டாம், ஓரிடத்தில் சூடு கூடினால் ஷீட் மேடுபள்ளமாகிவிடும். ஸ்டிக்கர் முன்கண்ணாடியில் போகட்டும். பசை பி.வி.சி.யில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். உரிக்கும்போது தடம் நிற்கும், அந்தப் பசையைப் போக்கும் திரவம் ஷீட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.